டர்போ டீசல் பிக்கப் வாங்கப்போகிறீர்களா? இன்ஜின் பராமரிப்பு, மாற்றங்கள், ஆவணங்கள்: படிப்படியான வழிகாட்டி

காய்கறி ஏற்ற, பால் கேன் எடுக்க, கட்டுமானப் பொருள் கொண்டுபோக என்று முதல்முறையாகப் பிக்கப் வண்டி வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மகிந்திரா பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா யோதா, இசுசு டி-மேக்ஸ் என்று டீசலில் எதை எடுத்தாலும் இன்று உள்ளே இருப்பது ஒரே வகை இன்ஜின்தான்: டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) பொருத்திய, காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் உயர் அழுத்த டீசலைத் தரும் பொதுக் குழாய்) முறையில் டீசலை இன்ஜெக்டர் வழியாக நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின். பழைய லாரிகளில் பழகிய மெக்கானிக்குகள் நல்ல எண்ணத்தோடு சொல்லும் பல யோசனைகள் இதற்குப் பொருந்துவதில்லை. சில யோசனைகள் இன்ஜினையே கெடுத்துவிடும்.

பழைய பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகைத் தரத்தின் நான்காம் கட்டம்) பிக்கப் ஒன்றை வாங்கி ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஓட்டத் தொடங்கியபோது, எனக்குத் தேவையான விவரங்களில் பாதி பட்டறையிலும் மீதி ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் துண்டு துண்டாகத்தான் கிடைத்தன. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செலவு இருந்தது. அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம். கீழே சொல்லும் தொகைகள் நான் கொடுத்தவை, மற்ற ஓட்டுநர்களிடம் கேட்டவை. ஊருக்கும் வண்டிக்கும் ஏற்ப மாறும். ஒரு மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. வாங்கும் முன்: குளிர்ந்த இன்ஜினைப் பாருங்கள்

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். நீங்கள் போகும்போது பானட் சூடாக இருந்தால் வேறொரு நாள் காலையில் போங்கள். இன்ஜின் சூடேறிவிட்டால் தேய்ந்த இன்ஜெக்டரும் பலவீனமான கம்ப்ரஷனும் மறைந்துகொள்ளும்.

குளிர்ந்த நிலையில் சாவியைத் திருப்பியதும் ஓரிரு சுற்றில் பிடிக்க வேண்டும். நெடுநேரம் சுற்றிப் பிடித்தால் இன்ஜெக்டரிலோ உயர் அழுத்தப் பம்பிலோ கசிவு இருக்கக்கூடும். பிறகு புகையின் நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல்; இன்ஜின் சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லையென்றால் கூலன்ட் உள்ளே போகிறதா என்று சந்தேகப்படுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது; டர்போவின் சீல் அல்லது பிஸ்டன் ரிங். கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. கரும்புகை பல நேரம் கிழிந்த ஒரு ஹோஸால் வருவது, அதனால் அதற்காக மட்டும் வண்டியை வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். விலையைக் குறைத்துக் கேட்க நல்ல காரணம் அது.

இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வருவது இயல்பு. மூடியைத் தூக்கும் அளவுக்குக் காற்று அடித்தால் பேரம் பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

ஸ்கேனர் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கைக் கையோடு கூட்டிப்போங்கள். 500 முதல் 1,000 ரூபாய் கேட்பார். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதை நம்பாதீர்கள். முதல்நாள் அழித்துவிட்டுக் காட்டும் வழக்கம் உண்டு. பழுதுக் குறியீடுகளோடு ரெயில் அழுத்தத்தையும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த அளவையும் (சிலிண்டர்களைச் சமன்செய்ய இன்ஜினின் கணினி கூட்டியோ குறைத்தோ விடும் டீசல்) பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நின்றால் அடுத்த செலவு எங்கே என்று தெரிந்துவிடும்.

ஆவணங்களில் பார்க்க வேண்டியவை: ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். இன்ஜின் மாற்றிய வண்டியாக இருந்து ஆர்.சி.யில் பழைய எண்ணே இருந்தால், அந்தச் சிக்கலையும் சேர்த்து வாங்குகிறீர்கள் என்று பொருள். கடன் இருந்த வண்டி என்றால் நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கக் கையொப்பமிட்ட படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். "கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்" என்று தரகர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), காப்பீட்டு இழப்பீடு, பின்னால் சொல்லப்போகும் மாற்றங்களுக்கான அனுமதி, எல்லாமே ஆர்.சி.யில் இருக்கும் பெயரைச் சார்ந்தவை.

2. முதல் வாரம்: ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றிவிடுங்கள்

விற்றவர் "போன மாதம்தான் மாற்றினேன்" என்று சொல்வார். பில் காட்டினால் ஒழிய நம்ப வேண்டியதில்லை. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட் ஆகிய ஐந்தையும் முதல் வாரத்திலேயே மாற்றிவிட்டு, அந்த நாளையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறியுங்கள். சிறிய பிக்கப்புக்கு மொத்தம் 6,000 முதல் 10,000 ரூபாய் ஆகும். அரை நாள் வேலை.

ஆயிலின் தரத்தை வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்து வாங்குங்கள். பி.எஸ். 6 வண்டியில் புகை வடிகட்டி இருப்பதால் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் சாதாரண டீசல் ஆயில் அந்த வடிகட்டியைச் சிறிது சிறிதாக அடைத்துவிடும். கையேட்டில் உள்ள குறியீட்டைச் செல்பேசியில் படம் பிடித்துக் காட்டிக் கேளுங்கள்.

கூலன்டில் போர்வெல் தண்ணீர் கலக்காதீர்கள். உப்பு படிந்தால் ரேடியேட்டர் அடைபடும், சிலிண்டர் ஹெட் சூடேறும். கலந்தே வரும் கூலன்ட், இல்லையென்றால் வடிநீரோடு பாதிக்குப் பாதி.

3. டீசல்: அதிகம் கவனிக்க வேண்டிய இடம்

காமன் ரெயிலில் டீசல் ஓடும் அழுத்தம் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும் என்றாலும் 1,600 பார் என்பது சாதாரணம். நீங்கள் பின் டயரில் அடிக்கும் காற்று 4 பார் அளவுதான். அவ்வளவு அழுத்தத்தில் டீசலை மிகச் சிறிய துளைகள் வழியாக இன்ஜெக்டர் பீய்ச்சுகிறது. உயர் அழுத்தப் பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது. அதன் வழியாக ஓடும் டீசலே அதற்கு மசகு. இதைப் புரிந்துகொண்டால் கீழே உள்ள விதிகள் எல்லாவற்றுக்கும் காரணம் விளங்கிவிடும்.

தண்ணீருக்கு மசகுத் தன்மை இல்லை, துருவும் பிடிக்கும். டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் தேங்கும் கிண்ணமும் அதைத் திறந்துவிடும் திருகும் இருக்கும். மாதம் ஒரு முறை, மழைக்காலத்தில் இரண்டு முறை, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் திறந்துவிட்டுப் பாருங்கள். அடியில் தனியாக நிற்பது தண்ணீர். ஐந்து நிமிட வேலை, செலவு எதுவும் இல்லை. டாஷ்போர்டில் தண்ணீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் "லோடை இறக்கிவிட்டுப் பார்ப்போம்" என்று ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி அங்கேயே திறந்துவிடுங்கள்.

டீசல் ஃபில்டரைக் கையேட்டில் சொன்ன தூரத்துக்கு முன்பே மாற்றுவது என் வழக்கம். நல்ல ஃபில்டர் 600 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு புது இன்ஜெக்டர் 15,000 ரூபாயில் தொடங்கி 30,000 வரை போகும், வண்டியில் மூன்றோ நான்கோ இருக்கும். பெட்டியில் நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் போலி ஃபில்டர்கள் சந்தையில் நிறைய உண்டு. அங்கீகாரம் பெற்ற உதிரிபாகக் கடையில் பில்லோடு வாங்குங்கள். மாற்றிய பிறகு கைப்பம்பை அது இறுகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். கைப்பம்ப் இல்லாத வண்டியில் சாவியைப் பலமுறை ஆன் நிலையில் வைத்து எடுத்தால் டேங்க் பம்ப் அந்த வேலையைச் செய்யும்.

இங்கே உயிருக்கே ஆபத்தான ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய இன்ஜின்களில் ஸ்டார்ட் செய்துகொண்டே இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திக் காற்றை எடுப்பார்கள். காமன் ரெயிலில் அப்படிச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். உங்கள் மெக்கானிக் இன்ஜின் ஓடும்போது உயர் அழுத்தப் பைப்பில் ஸ்பேனர் வைத்தால் தடுத்து நிறுத்துங்கள். அவரைக் காப்பாற்றுவதும் உங்கள் பொறுப்புதான்.

டேங்க் வற்றும்வரை ஓட்டாதீர்கள். மசகில்லாமல் பம்ப் காய்ந்து சுற்றினால் இரும்புத் துகள் உதிர்ந்து ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றிலும் பரவும். அதன் பிறகு ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை. டேங்கிலிருந்து மொத்தமும் கழுவ வேண்டியிருக்கும். கால் டேங்குக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீப்பாயில் வைத்து "பயோ டீசல்" என்று மலிவாக விற்பதையும், மண்ணெண்ணெய் கலந்ததையும் தொடாதீர்கள். லிட்டருக்கு மிச்சமாகும் பத்து இருபது ரூபாய் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் சேர்த்து ஒரே நாளில் போய்விடும். எப்போதும் ஒரே பங்கில் நிரப்புங்கள், பில் வாங்குங்கள். கலப்படம் என்று புகார் செய்ய நேர்ந்தால் அந்த பில்தான் ஆதாரம். பங்கில் டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருக்கும்போது நிரப்பாதீர்கள். அடியில் படிந்த தண்ணீரும் கசடும் கலங்கியிருக்கும் நேரம் அது.

4. காற்று வழியும் டர்போவும்

டர்போவின் அச்சு ஒரு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அது நிற்பது ஆயிலின் மெல்லிய படலத்தின் மேல். ஆகவே ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் அரை நிமிடம் விடுங்கள். மலை ஏறி வந்த பிறகோ முழு லோடில் நெடுந்தூரம் ஓடிய பிறகோ உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிடுங்கள். அணைப்பதற்கு முன் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்துவிட்டுச் சாவியைத் திருப்பும் பழக்கம் பழைய ஓட்டுநர்கள் பலரிடம் இருக்கிறது. டர்போ வேகமெடுத்துச் சுழலும் அந்த நொடியில் ஆயில் நின்றுவிடுகிறது. சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருந்தால் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரல் போடுவதும் அப்படியொரு பழக்கம். டீசல் மிச்சம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் வண்டி கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டீசலை முழுவதுமாக நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கான டீசல் செலவாகும். கொடைக்கானல், ஊட்டி மலைப்பாதைகளில் பிரேக் சூடேறி விபத்து நடப்பதற்கும் இது ஒரு காரணம்.

மேட்டில் இழுவை குறைந்து, கரும்புகையோடு "உஸ்" என்ற சத்தமும் வந்தால் டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டும் பட்டறைகள் உண்டு. மாற்ற 35,000 முதல் 80,000 ரூபாய் வரை சொல்வார்கள். சம்மதிக்கும் முன் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ஹோஸ்களைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அடிப்பக்கம் வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், கிழிந்த வேக்குவம் குழாய் ஆகியவை சில நூறிலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடியும் வேலை. டர்போ உண்மையிலேயே போயிருந்தால் அது ஏன் போனது என்பதைக் கேளுங்கள். ஆயில் வரும் குழாய் அடைபட்டிருந்து அதை மாற்றாமல் புது டர்போ போட்டால் அதுவும் சில வாரங்களில் போகும்.

ஏர் ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றால் பலமாக அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். காகிதம் கிழிந்து, நுண்ணிய மண் நேராக டர்போவின் இறக்கைக்குப் போகும். செங்கல் சூளை, குவாரி, மண் பாதை ஆகியவற்றில் ஓடும் வண்டிக்குப் பாதித் தூரத்திலேயே புதிது போடுங்கள்.

டீசல் நேரடியாகச் சிலிண்டருக்குள் போவதால், உள்ளே காற்று வரும் வழியும் வால்வும் எரிபொருளால் கழுவப்படுவதில்லை. புகையின் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு வழியாக வரும் கரியும், இன்ஜின் மூச்சுக் குழாயிலிருந்து வரும் ஆயில் ஆவியும் சேர்ந்து அங்கே தார் போலப் படியும். 60,000 முதல் 80,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை இ.ஜி.ஆர். வால்வையும் இன்டேக் மேனிஃபோல்டையும் (காற்று வரும் குழாய்) கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். 3,000 முதல் 6,000 ரூபாய், ஒரு நாள். கழற்றாமல் மருந்து தெளித்து முடிக்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உடைந்த கரிக்கட்டி உள்ளே போகும்.

5. இன்ஜெக்டர் வேலை வந்தால்

அடையாளங்கள்: காலையில் பிடிக்கத் தாமதம், ஐடிலில் டக் டக் என்ற தனிச் சத்தம், மைலேஜ் சட்டென்று குறைவது, ஒரு சிலிண்டர் விட்டு விட்டு வேலை செய்வது.

எடுத்த எடுப்பில் இன்ஜெக்டரைக் கழற்ற விடாதீர்கள். முதலில் ஸ்கேனர், அடுத்து ரிட்டர்ன் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரும் திருப்பி விடும் டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடித்து அளவை ஒப்பிடுவார்கள். ஒன்று மட்டும் அதிகம் நிரம்பினால் அதுதான் தேய்ந்தது. இந்த இரண்டையும் உங்கள் கண் முன்னே செய்யச் சொல்லுங்கள். பிறகு டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்குக் கொடுத்து அச்சிட்ட அறிக்கையைக் கேளுங்கள். ஒரு இன்ஜெக்டருக்கு 500 முதல் 1,000 ரூபாய். பழுது பார்த்துச் சரிசெய்வது புதியதன் விலையில் பாதிக்கும் கீழே முடியும். நல்ல கடையாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். அறிக்கை தர முடியாது என்று சொல்லும் கடைக்கு வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

திரும்பப் பொருத்தும்போது மூன்று விஷயம். அடியில் உள்ள செம்பு வாஷர் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும். பழையதை உரசிப் போட்டால் புகை கசிந்து இன்ஜெக்டர் ஹெட்டோடு இறுகிவிடும், அடுத்த முறை கழற்றுவதே பெரிய வேலையாகிவிடும். கழற்றிய இன்ஜெக்டர் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்ததோ அதற்கே போக வேண்டும். பெரும்பாலான இன்ஜெக்டர்களின் தலையில் ஒரு குறியீடு பொறித்திருக்கும். புதிதோ சரிசெய்ததோ போட்டால் அதன் குறியீட்டை ஸ்கேனர் வழியாக இ.சி.யூ.வில் பதிய வேண்டும். பதியாமல் அனுப்பிவிட்டு, "ஓடினால் சரியாகிவிடும்" என்பார்கள். சரியாகாது. பதிவு செய்த திரையைப் படம் எடுத்துக்கொண்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.

6. பி.எஸ். 6 வண்டி வைத்திருப்பவர்களுக்கு

டி.பி.எஃப். எனப்படும் புகை வடிகட்டியில் சேரும் கரியை இன்ஜின் அவ்வப்போது தானே எரிக்கும். அதற்குச் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். கடைத்தெருவில் நாள் முழுக்க நின்று நின்று ஓடும் வண்டிக்கு அந்த வெப்பம் கிடைக்காது. வாரம் ஒரு முறையாவது பைபாஸில் இருபது நிமிடம் ஒரே சீரான வேகத்தில் ஓட்டுங்கள். வடிகட்டி விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்திவிடாமல் அப்படியே கையேட்டில் சொன்ன வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். எரிக்கும் வேலை நடக்கும்போது பாதியில் அணைத்துக்கொண்டே இருந்தால் இன்னொரு சிக்கல் வரும்: வெப்பத்துக்காகக் கூடுதலாகப் பீய்ச்சும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் மகிழ வேண்டாம். அது டீசல் கலந்த ஆயில், உடனே மாற்றுங்கள்.

7. மாற்றங்கள்: எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் நிறுவனம் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும்.

இப்போது, உங்களை முதல் மாதத்திலேயே தேடி வரப்போகும் ஆசையைப் பற்றி. "இ.சி.யூ.வை ரீமேப் செய்தால் இழுவை கால் பங்கு கூடும், மைலேஜும் கூடும்" என்பார்கள். ரீமேப் என்றால் இ.சி.யூ.வின் மென்பொருளை மாற்றி எழுதுவது. 15,000 முதல் 35,000 ரூபாய் கேட்பார்கள். சக்தி கூடும் என்பது பொய்யில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் சொல்ல மாட்டார்கள்: அதிக டீசல், அதிக டர்போ அழுத்தம், அதனால் அதிகப் புகைவெப்பம். தனியாக ஓடும் கார் அந்தச் சக்தியை ஒரு நாளில் சில நிமிடங்களே கேட்கும். ஒன்றரை டன் ஏற்றி மலை ஏறும் பிக்கப் அரை மணி நேரம் இடைவிடாமல் கேட்கும். பிஸ்டன் தலை, டர்போ, ஹெட் கேஸ்கெட், கிளட்ச் எல்லாம் நிறுவனம் கணக்கிட்ட எல்லையைத் தாண்டி வேலை செய்யும். முதலில் கிளட்ச் வழுக்கும். வாரன்ட்டி இருக்கும் வண்டியில் மென்பொருள் மாறியிருப்பதை நிறுவன சர்வீஸ் சென்டரின் கருவியால் கண்டுபிடிக்க முடியும். லோடு வண்டிக்கு ரீமேப் வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. வயரில் மாட்டும் சிறிய டியூனிங் பெட்டி இன்னும் மோசம். அது சென்சார் காட்டும் அளவைப் பொய்யாக்கி ரெயில் அழுத்தத்தை ஏற்றுகிறது. உண்மையான அழுத்தம் எவ்வளவு என்பது இ.சி.யூ.வுக்கே தெரியாமல் போய்விடும்.

இழுவை போதவில்லை என்று தோன்றினால் முதலில் ஏர் ஃபில்டர், ஹோஸ், இ.ஜி.ஆர்., இன்ஜெக்டர், கிளட்ச், டயர் காற்று, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். புதிதாக வந்தபோது இருந்த இழுவை திரும்பக் கிடைத்தாலே பலருக்கு வேறெதுவும் தேவைப்படாது. அதுவும் போதாது என்றால் உங்கள் லோடுக்கு அந்த வண்டி சிறியது. பெரிய வண்டிக்கு மாறுங்கள்.

இ.ஜி.ஆர். வழியைத் தகடு வைத்து அடைப்பது, டி.பி.எஃப்.-ஐ வெட்டி எடுப்பது, சைலன்ஸரைத் திறந்துவிடுவது ஆகிய மூன்றையும் செய்யாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு விதியை மீறினால் 190-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமும் ஓட்டுநர் உரிமம் மூன்று மாதம் தகுதியிழப்பும் உண்டு. அபராதத்தை விடுங்கள், சந்தையில் காலை மூன்று மணிக்கு வரிசையாக இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்குப் பின்னால்தான் சுமை தூக்குபவர்கள் நிற்கிறார்கள். அந்தக் கரி அவர்கள் நுரையீரலுக்குப் போகிறது. முன்பக்கம் இரும்பு புல் பார் மாட்டுவதும் 2017 டிசம்பர் முதல் மத்திய அரசு தடுத்திருக்கும் ஒன்று.

தயங்காமல் செய்யக்கூடியவை: ரப்பர் ஹோஸுக்குப் பதில் அதே அளவில் நல்ல சிலிக்கோன் ஹோஸ், தண்ணீர் பிரிக்கும் தரமான டீசல் ஃபில்டர், இன்ஜின் வெப்பம் காட்டும் கூடுதல் மீட்டர், நிறுவனம் பரிந்துரைத்த அளவில் நல்ல டயர். மலையில் ஓட்டுபவர்களுக்கு வெப்ப மீட்டரை வற்புறுத்திச் சொல்வேன். டாஷ்போர்டு முள் சிவப்பைத் தொடுவதற்குள் பல நேரம் காலம் கடந்துவிடுகிறது.

8. பாடி கட்டும்போதும் இன்ஜின் மாற்றும்போதும்

பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றச் சொல்லுங்கள். முடிந்தால் இ.சி.யூ. இணைப்பையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். வெல்டிங்கின் எர்த் கிளிப் வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் இ.சி.யூ. எரிந்தால் அதன் விலை பாடியின் கூலியைத் தாண்டும், புதிது வர வாரக்கணக்கில் ஆகும். பட்டறைக்காரர்களில் பலர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பரவாயில்லை, பக்கத்தில் நின்று கழற்றவையுங்கள்.

திறந்த பாடியை மூடிய பெட்டியாக மாற்றுவது போன்றவற்றுக்கு முன்அனுமதி வேண்டும். விண்ணப்பம், ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, கடன் இருந்தால் நிதி நிறுவனத்தின் சம்மதம், பட்டறையின் பில் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பாடி கனமானால் வண்டியின் வெற்று எடை கூடும், நீங்கள் ஏற்றக்கூடிய லோடு அந்த அளவுக்குக் குறையும். இரும்புத் தகட்டைத் தடிமனாகப் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

இன்ஜினையே மாற்ற வேண்டி வந்தால் அதே நிறுவனத்தின் அதே வகை இன்ஜினாக இருக்கட்டும். பழைய இரும்புச் சந்தையில் வாங்கினால் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆவணமும் பில்லும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் வழக்கு உங்கள் மேல் வரும். மாற்றத்தை 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். அதே வாரத்தில் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் புது எண்ணைச் சேர்த்ததற்கான தாளை வாங்குங்கள். வாயால் சொன்னது விபத்தன்று உதவாது.

காப்பீடு என்றதும் இன்னொன்று. வெள்ளத்தில் காற்று வழியாகத் தண்ணீர் புகுந்து இன்ஜின் இறுகிவிட்டால் சாதாரண பாலிசி அதை ஈடுகட்டாது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருக்க வேண்டும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை ஒருபோதும் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். செய்தால் கனெக்டிங் ராடு வளையும், கூடுதல் பிரிவு இருந்தாலும் இழப்பீட்டை மறுக்கக் காரணம் கிடைத்துவிடும். இழுத்துக்கொண்டு போவதுதான் வழி.

9. எஃப்.சி.க்கு முன்

வர்த்தக வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை, உங்கள் ஆர்.சி.யில் உள்ள எடையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளின் புகைச் சான்று ஓராண்டு செல்லும்.

காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் கட்டணம் கட்டி நாளைப் பதிவுசெய்யுங்கள். மாதக் கடைசியிலும் பண்டிகைக்கு முன்பும் கூட்டம் அதிகம். பதிவு கிடைத்த நாளுக்கு ஒரு வாரம் முன் புகைச் சோதனைக்குப் போங்கள். பி.எஸ். 4 டீசல் வண்டிக்குப் புகை அளவு 50 ஹெச்.எஸ்.யூ. (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நேராகச் சோதனை மையத்துக்குப் போனால் உள்ளே ஒட்டியிருந்த கரி வெளியேறியிருக்கும். அப்படியும் தாண்டினால் ஏர் ஃபில்டர், ஹோஸ், இ.ஜி.ஆர்., இன்ஜெக்டர் என்ற அதே வரிசையில் பாருங்கள். அதற்குத்தான் ஒரு வார இடைவெளி. சோதனை செய்யாமலே சான்று தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். ஆய்வாளர் முன்னால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கரும்புகை எழுந்தால் அந்தச் சான்று செல்லாக்காசு.

அன்றைக்குக் கொண்டுபோக வேண்டியவை: அசல் ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, வரி கட்டிய ரசீது, பழைய எஃப்.சி., ஆதார். வண்டியில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் சீல் உடையாமலும், ஒளிரும் பட்டைகள் உரியாமலும் இருக்க வேண்டும். இன்ஜின் எண் பொறித்த இடத்தை முதல் நாளே டீசல் துணியால் துடைத்து எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். ஆயிலும் மண்ணும் மூடி எண் படிக்க முடியாமல் திரும்பி அனுப்பப்படும் வண்டிகள் ஒவ்வொரு நாளும் எஃப்.சி. மைதானத்தில் நிற்கின்றன.